பகாசுரனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி? வியாசர் கதையிலிருந்து கேம் மாஸ்டர்களுக்கு ஒரு அசுர டியூஷன்!

மகாபாரதத்தை எழுதித் தரச் சம்மதித்த பிள்ளையார், வியாசருக்கு ஒரு நிபந்தனை போட்டாராம். எழுதத் தொடங்கினால் எழுத்தாணி நிற்கக் கூடாது, நடுவில் நிறுத்தினால் எழுந்து போய்விடுவேன் என்பது அது. வியாசரும் பதிலுக்கு ஒன்று போட்டார். பொருள் புரியாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

பிள்ளையாரின் கை வேகம் தெரிந்ததுதானே! அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் தேவைப்படும்போதெல்லாம், வியாசர் நன்றாக முடிச்சுப் போட்ட ஒரு சுலோகத்தை எடுத்து விடுவார். பிள்ளையார் ஒரு கணம் நின்று யோசிப்பார். அதற்குள் வியாசர் அடுத்ததைத் தயார் செய்துவிடுவார். எதிரில் இருப்பவரின் வேகத்தைப் பார்த்து அதற்கேற்ற கஷ்டத்தைக் கொடுக்கும் இந்த வித்தைக்கு, இன்றைய விளையாட்டு உலகத்தில் 'கேம் மாஸ்டரிங்' என்று பெயர்.

வடசென்னையில் அந்த வியாசரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு ஊரே இருக்கிறது. வியாசர் தங்கி வழிபட்ட இடம் என்பதால் வியாசர்பாடி ஆனது என்கிறது ஊர்க்கதை. அங்கிருக்கும் இரவீஸ்வரர் கோயிலின் தலவரலாற்றிலும் அவர் வருகிறார். இன்று வியாசர்பாடி என்றதும் முதலில் ஞாபகம் வருவது ஃபுட்பால். அப்புறம் தெருமுனை கேரம் போர்டு. மழைக்காலம் என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதே இல்லை. பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் இருந்து போன காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே மாதிரி ஒரு மேசை. நான்கைந்து நண்பர்கள். ஆனால் எதிராளி கேரம் காயைச் சுண்டுபவர் இல்லை, ஓர் அரக்கன். அந்த விளையாட்டுதான் 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்'.

சீட்டுமில்லை, காயுமில்லை... கதை மட்டும்!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அதன் முதல் எபிசோடில் நான்கு சிறுவர்கள் வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து பகடை உருட்டிக் கத்துவார்களே, அதேதான். அவர்கள் விளையாடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது. அந்தத் தொடரில் வரும் டெமகார்கனின் பெயரும் இந்த விளையாட்டில் இருந்து எடுத்ததுதான்.

விளையாடும் முறை எளிது. ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். ஒருவர் மட்டும் விளையாடாமல் கதை சொல்வார். அவர்தான் கேம் மாஸ்டர். "குகைக்குள் நுழைகிறீர்கள். உள்ளே யாரோ எலும்பைக் கடிக்கிற சத்தம். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். வாளை வீசுகிறேன் என்றால் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். அரக்கனின் கவச எண்ணைத் தொட்டால் அடி விழும். அடி விழுந்தால் அவனுடைய உயிர்ப்புள்ளி குறையும். பூஜ்ஜியமானால் ஆள் காலி.

கேட்க ஜாலியாக இருக்கிறது. தலைவலி கேம் மாஸ்டருக்குத்தான். புத்தகத்தில் அச்சடித்திருக்கும் அரக்கனை அப்படியே இறக்கினால், ஒன்று இரண்டு நிமிடத்தில் செத்துப்போவான். இல்லையென்றால் மொத்த நண்பர்களையும் கொன்றுவிடுவான். முதல் வகையில் கொட்டாவி வரும். இரண்டாவது வகையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள். ரெடிமேட் சட்டை எல்லோருக்கும் பொருந்தாது, அளவெடுத்துத் தைத்தாக வேண்டும்.

பத்துக் காசு பொம்மையில் பிறந்த பயம்

இந்தத் தையல் வேலையை முதலில் செய்தவர் கைகாக்ஸேதான். அவருடைய விளையாட்டு மேசைக்கு அரக்க பொம்மைகள் தேவைப்பட்டன. மலிவுக் கடை ஒன்றில் ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் பொம்மைப் பை கிடைத்தது. பையில் என்னவோ 'பழங்கால விலங்குகள்' என்றுதான் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவை எந்தக் காலத்திலும் பூமியில் வாழாத ஜந்துகள். அவற்றை வைத்து அவர் உருவாக்கிய அரக்கர்கள், 50 ஆண்டுகள் தாண்டியும் விளையாட்டில் இருக்கிறார்கள். ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக ஒன்று. மண்ணுக்குள் சுறா போலப் பாயும் 'புலெட்' ஒன்று. மூன்றாவதுதான் அட்டகாசம்: 'ரஸ்ட் மான்ஸ்டர்', துருப்பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

துருப்பூச்சி யாரையும் கொல்ல வராது. அதற்கு வேண்டியது இரும்பு. உணர்கொம்பால் தொட்டால் போதும், மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்த வாளும் கவசமும் துருவேறி உதிர்ந்துவிடும். நெருப்பு கக்கும் டிராகனைப் பார்த்துப் பயப்படாத வாள்வீரன், இந்தச் சின்னப் பூச்சியைப் பார்த்ததும் கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவான். கவசமே போடாத மந்திரவாதியோ சிரித்துக்கொண்டு நிற்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று பார்த்துச் செய்த அரக்கன் இது. எண்களைக் கூட்டியிருந்தால் இந்த விளைவு வந்திருக்காது.

நம்ம ராட்சசன் அங்கே போன கதை

இந்திய வாசகர்களுக்கு ஒரு சுவாரஸ்யம். டி அண்ட் டி-யில் 1975 முதலே 'ராக்‌ஷசா' இருக்கிறான். 1977-ல் வந்த அரக்கர் புத்தகத்தில் புலித்தலை, பட்டு அங்கி, கையில் புகைக்குழாய் என்று ஜமீன்தார் கணக்காக உட்கார்ந்திருப்பான். புனிதப்படுத்திய அம்பு பட்டால் செத்துவிடுவான் என்று விதி. எந்தப் புராணத்தில் இப்படி இருக்கிறது என்று தேட வேண்டாம். 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற அமெரிக்க டிவி திகில் தொடரின் ஒரு எபிசோடில் இருந்து வந்தது அது!

2014-ல் வந்த 5-வது பதிப்பில் அவனுக்கு 110 உயிர்ப்புள்ளி. 6-ம் நிலை வரையிலான மந்திரம் எதுவும் அவனைத் தொடாது. மந்திரவாதியை மட்டுமே நம்பியிருக்கும் குழுவுக்கு அவன் கெட்ட கனவு. வாள்வீரர்கள் நிறைந்த குழுவுக்கு அந்தக் கவசத்தால் பெரிய பாதிப்பில்லை. அவன் கஷ்டமானவனா, சுலபமானவனா என்பதை எதிரில் இருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

ஒரு குறையும் உண்டு. அந்த ராக்‌ஷசா எப்போதும் கெட்டவன், நரகத்தில் இருந்து வந்தவன். நம் கதைகளின் ராட்சசர்களோ அப்படி ஒரே வார்ப்பில் அடங்க மாட்டார்கள். விபீஷணன் இருக்கிறான். பீமனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட இடும்பி இருக்கிறாள். எதிரில் வரும் அரக்கியை வெட்டாமல் பேசிப் பார்க்கலாம் என்ற வழியே டி அண்ட் டி ராக்‌ஷசாவிடம் அடைபட்டுப் போகிறது. கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல், 2022-ல் டி அண்ட் டி-யின் அதிகாரபூர்வத் தொகுப்பு ஒன்றில் வங்காளத்து ஆறுகளை நினைவூட்டும் நாட்டை வைத்து ஒரு சாகசக் கதை எழுதினார். தமிழ்நாட்டுக் கதைகளுக்கு அப்படி ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பகாசுரனைத் தைப்போமா?

அதை நிரப்ப அமெரிக்காவில் இருந்து யாரும் வர வேண்டாம். வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்தவர்களுக்குப் பகாசுரனைத் தெரியும். வண்டி நிறையச் சோறு, அதன்மேல் உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்னும் பீமன் வேஷக்காரர், வேடிக்கை பார்க்கும் ஊர். ஏகசக்கர நகரத்து மக்கள் நாளுக்கொரு வீடாக ஒரு வண்டிச் சோறும், இரண்டு எருமைகளும், ஒரு ஆளும் அனுப்ப வேண்டும் என்பது அவனுடைய கணக்கு. ஒருநாள் ஆளுக்குப் பதில் பீமன் போகிறான். போனவன் சோற்றைத் தானே தின்கிறான். பகாசுரன் முதுகில் குத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை மேசைக்குக் கொண்டுவருவோம். புதிதாக எண்கள் எதுவும் யோசிக்க வேண்டாம். புத்தகத்தில் 'ஓகர்' என்ற மந்தமான பெருந்தீனி அரக்கன் இருக்கிறான். 59 உயிர்ப்புள்ளி, கவச எண் 11, தடியால் ஒரு அடி சராசரியாக 13 புள்ளி. வேலைக்கு இது போதும். பெயரையும் தோற்றத்தையும் மாற்றி எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும் இந்த உத்திக்கு 'ரீஸ்கின்' என்று பெயர். சட்டை அதேதான், துணி மட்டும் வேறு.

முதல் நிலை வீரர்களிடம் இவனை விடக் கூடாது. மந்திரவாதிக்கு அந்த நிலையில் 7, 8 புள்ளிதான் இருக்கும். ஒரே அடியில் படுத்துவிடுவார். மூன்றாம் நிலையில் இருக்கும் நான்கு பேர் என்றால் சரி. ஆனால் அங்கே வேறு சிக்கல். நான்கு பேரும் சேர்ந்து ஒரு சுற்றில் சுமார் 25 புள்ளி குறைப்பார்கள். மூன்று சுற்றில் பகாசுரன் கதை முடிந்தது. சண்டை முழுக்க "அடிக்கிறேன், அடிக்கிறேன், அடிக்கிறேன்" என்பதுதான்.

இப்போது வண்டியைக் கொண்டுவாருங்கள். வண்டியில் ஐந்து பானைச் சோறு. பகாசுரன் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்வரை, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பானையைக் கவிழ்த்து வாயில் கொட்டிக்கொள்கிறான். 10 புள்ளி திரும்ப ஏறுகிறது. கேம் மாஸ்டர் இதை வாய்விட்டு வர்ணிக்க வேண்டும். "காயம் மூடுகிறது, ஏப்பம் விடுகிறான், அடுத்த பானையைப் பார்க்கிறான்."

இரண்டாவது சுற்றிலேயே யாராவது ஒருவர் கத்துவார், "மச்சி, அவனை வுட்ரு, வண்டியை இழு!" அங்கேதான் விளையாட்டு ஆரம்பிக்கிறது. ஒருவர் எருமைகளை விரட்டலாம். ஒருவர் பானைகளை உடைக்கலாம். இன்னொருவர் பீமனைப் போலத் தானே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்பார். சாப்பிடட்டும்! ஒரு பானை காலி. ஆனால் அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதால் பகாசுரன் இரண்டு பகடை உருட்டி, அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வான்.

யாருக்குமே வண்டி விஷயம் தோன்றவில்லை என்றால்? அப்போதும் ஐந்து பானைதான். மொத்தமாக 50 புள்ளிக்கு மேல் ஏறாது. சண்டை நீளும், குழு அடி வாங்கும், ஆனால் முடிவே இல்லாமல் போகாது. புது கேம் மாஸ்டர்கள் தவறவிடும் இடம் இது. விடையைக் கண்டுபிடித்தால்தான் பிழைப்பீர்கள் என்று பூட்டிவிடுவது ரிஸ்க். கண்டுபிடித்தவர்களுக்குச் சுலபம், கண்டுபிடிக்காதவர்களுக்குக் கஷ்டம் என்று வைத்தால் மேசையில் யாரும் உம்மென்று உட்கார மாட்டார்கள்.

தலைக்கு ஒரு முறை

எல்லோரும் செய்ய ஆசைப்படுவது ராவணன் மாதிரி ஒரே ஒரு பெரிய வில்லன். பெரும்பாலும் சொதப்புவதும் அதுதான். காரணம் எளிய கணக்கு. ஒரு சுற்றில் நான்கு நண்பர்களுக்கு நான்கு முறை. வில்லனுக்கு ஒன்று. உயிர்ப்புள்ளியை 300 ஆக்கினாலும் அவன் அடி வாங்கிக்கொண்டு நிற்கும் மூட்டைதான். டி அண்ட் டி-யின் 5-வது பதிப்பு இதற்காகவே பெரிய அரக்கர்களுக்கு, மற்றவர்கள் முறை முடிந்ததும் இடையில் புகுந்து அடிக்கும் சலுகை கொடுத்திருக்கிறது.

பத்துத் தலை என்பது எவ்வளவு நல்ல விடை என்று பாருங்கள். எல்லாத் தலைக்கும் ஒரு முறை கொடுத்தால் குழு தாங்காது. ஐந்து பேர் விளையாடினால் ஐந்து தலையை விழிக்க வையுங்கள். ஒவ்வொன்று வெட்டுப்படும்போதும் ஒரு முறை குறையும். புத்தகத்தில் இருக்கும் 'ஹைட்ரா' பாம்புக்கு இப்படித்தான் ஒரு விதி. ஒரே முறையில் 25 புள்ளிக்கு அடித்தால் ஒரு தலை விழும். நெருப்பால் சுடாவிட்டால் விழுந்த தலைக்கு இரண்டு முளைக்கும்.

ஜராசந்தனை எடுத்துக்கொண்டால் அவன் ஒரு புதிர். இரண்டு பாதியாகப் பிறந்து ஒட்ட வைக்கப்பட்டவன். கிழித்துப் போட்டாலும் சேர்ந்துகொள்வான். பாதிகளை இடம் மாற்றி எறிந்தால்தான் சாவான். இந்த மாதிரி அரக்கனுக்கு முன்கூட்டியே இரண்டு மூன்று குறிப்பு கொடுத்தாக வேண்டும். கண்ணனே புல்லைக் கிழித்து மாற்றிப் போட்டுக் காட்டினார் அல்லவா? பீமனுக்கே க்ளூ தேவைப்பட்டபோது, டியூஷன் முடித்துக் களைத்து வந்த எட்டாம் வகுப்புப் பையனுக்கு வேண்டாமா?

ஒவ்வொரு ரத்தத் துளியிலும் ஒரு அசுரன் முளைக்கும் ரத்தபீஜனைப் புதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. பத்து நிமிடத்தில் மேசையில் 30 அசுரர்கள் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் பகடை உருட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

கடோத்கசன் வேறு ரகம். கர்ணனிடம் இருந்த, ஒரே ஒருமுறை மட்டுமே எறிய முடிந்த சக்தி ஆயுதத்தைச் செலவழிக்க வைத்ததுதான் அவன் செய்த பெரிய வேலை. கேம் மாஸ்டர்களும் இப்படி ஒருவரை முதல் அறையில் நிறுத்துவார்கள். அவன் ஜெயிக்க வேண்டியதே இல்லை. மந்திரவாதி தன் பெரிய மந்திரத்தை இப்போதே விடுவதா, வைத்துக்கொள்வதா என்று நகம் கடித்தால் போதும்.

சண்டையே பிடிக்காத நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்குத்தான் நச்சுப் பொய்கை யட்சன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்த நான்கு தம்பிகளும் விழுந்துவிட, உட்கார்ந்து பதில் சொன்ன தருமர் அத்தனை பேரையும் மீட்டார்.

குட்டிப் பசங்க, குறுகிய சந்து

அரக்கனை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றியும் மிரட்டலாம். இதற்கு உலகம் முழுக்க கேம் மாஸ்டர்கள் சொல்லும் உதாரணம், 1987 நவம்பரில் 'டிராகன்' இதழில் அதன் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய கட்டுரை. டக்கர் என்ற கேம் மாஸ்டர், விளையாட்டிலேயே ரொம்ப நோஞ்சானான 'கோபால்டு' என்ற குட்டி ஜந்துகளை வைத்துப் பெரிய வீரர்களை ஓட விட்டாராம். அந்தக் குட்டிகளுக்கு உயிர்ப்புள்ளி ஏறவே இல்லை. வழியை அடைத்து, தீ மூட்டி, சுவர் ஓட்டையில் இருந்து அம்பு விட்டு, பெரியவர்கள் நுழைய முடியாத பொந்துக்குள் ஓடின.

வியாசர்பாடியில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய மைதானத்தில் ஆடிப் பழகிய டீம், இங்கே சந்துக்குள் வந்து, சுவரில் பந்தை மோத வைத்துப் பாஸ் கொடுக்கும் பொடியன்களிடம் திணறுமே, அது மாதிரி. தான் வளர்ந்த தெருவின் வரைபடத்தைக் காகிதத்தில் போட்டு, எந்த வீட்டு மாடியில் இருந்து எந்த மாடிக்குத் தாவலாம் என்று குறித்தால், கோபால்டுகளுக்கான கோட்டை தயார்.

தண்ணீரை அரக்கனாக்கலாமா?

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. ஊரில் இருந்து அரக்கனை எடுக்கலாம் என்றால், வடசென்னையின் பெரிய அரக்கன் எது? 2015 வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். அதே மாதத்தில் எண்ணூர் கழிமுகத்தில் மிதந்த எண்ணெய்ப் படலம். கறுப்பாக, வழவழப்பாக, வலையிலும் படகிலும் ஒட்டிக்கொண்டு விடாத ஒரு ஜந்து. கற்பனைக்கு அருமையான தீனிதான்.

ஆனால் அந்த இரவில் கட்டிலை மேசைமேல் ஏற்றிவிட்டு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற குடும்பத்துப் பிள்ளை அந்த மேசையில் உட்கார்ந்திருக்கலாம். "தண்ணீர் முழங்காலைத் தொடுகிறது" என்று கேம் மாஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது, மற்றவர்களுக்கு த்ரில். அந்தப் பிள்ளைக்கு அப்படி இருக்குமா? சிலருக்கு, நிஜத்தில் தோற்ற தண்ணீரைக் கதையில் ஜெயிப்பது பெரிய சந்தோஷமாக இருக்கும். சிலருக்கு அன்று இரவு தூக்கம் வராது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்கத்தான் வேண்டும்.

அதற்கென்றே இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து, கதையில் எது வரலாம், எது வரவே கூடாது என்று பேசி வைத்துக்கொள்வார்கள். மேசை நடுவில் 'எக்ஸ்' போட்ட ஒரு அட்டையையும் வைப்பார்கள். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு நகர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. 1980-களில் அமெரிக்கப் பெற்றோர்கள் சிலர் இந்த விளையாட்டைப் பேய் பிடிக்க வைக்கும் சமாச்சாரம் என்று பயந்து எதிர்த்தார்கள். பிள்ளை எந்த அரக்கனோடு சண்டை போடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தாலே பாதிப் பயம் போயிருக்கும்.

ஆரம்பிக்க எவ்வளவு செலவாகும்?

டி அண்ட் டி-யின் அச்சுப் புத்தகங்கள் விலை அதிகம். ஆனால் அடிப்படை விதிகளையும், ஓகர், கோபால்டு, ஹைட்ரா, துருப்பூச்சி, ராக்‌ஷசா உள்ளிட்ட அரக்கர் பட்டியலையும் கொண்ட தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. 2025-ல் புதுப்பித்த தொகுப்பும் அதே உரிமத்தில் வந்தது. 'சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்' என்று தேடினால் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் எண்கள்தான் அதிகம். கேம் மாஸ்டர் ஒருவர் படித்தால் போதும், மற்றவர்கள் தமிழிலேயே விளையாடலாம். உரிமத்தில் சொன்னபடி மூலத்தைக் குறிப்பிட்டால், அதை மாற்றி நீங்கள் செய்த பகாசுரனை வெளியிடவும் செய்யலாம்.

20 பக்கப் பகடை கிடைக்காவிட்டால் போனில் பகடை உருட்டும் ஆப் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்ப உள்ளே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் 20-ஐ முதல் ஆளே எடுத்துவிட்டால், அப்புறம் அது யாருக்குமே வராது.